கடல் கடந்த இத்தாலி – 9: லிட்டில்ஹாம்ப்டனில் தாந்தே

1814-இல் லண்டனில் மூன்று குட்டிப் புத்தகங்கள் வெளியாயின. சட்டைப்பையில் அடங்கும் அளவு. விளக்கொளியில் படிப்பவர் கண்ணைக் கசக்கிக்கொள்ளும் அளவுக்குப் பொடி எழுத்து. அச்சுச் செலவு முழுவதும் மொழிபெயர்த்தவரின் கைப்பணம். உள்ளே இருந்ததோ நரகம், உத்தரிக்கிற ஸ்தலம், மோட்சம் என்று மூன்று காண்டங்களும் நூறு படலங்களும் கொண்ட தாந்தேயின் பெருங்காவியம். இத்தாலிய மூலத்தில் 14,233 அடி. நாலு வருடம் அதை யாரும் சீண்டவில்லை. பிறகு 1818-இல், தேங்கிக் கிடந்த பிரதிகளில் ஆயிரம் போல மளமளவென்று விற்றுத் தீர்ந்தன. மூன்று மாதத்துக்குள் மறுபதிப்புக்குத் தேவை எழுந்தது.

இடையில் என்ன நடந்தது? இலக்கிய வரலாறுகள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடும்: கவிஞர் கோல்ரிட்ஜ் புகழ்ந்தார், புத்தகம் பிழைத்தது. அது பொய்யில்லை; ஆனால் பாதிதான். மீதிப் பாதியில் ஒரு நெடும்போரின் முடிவு இருக்கிறது, ஊரையும் உடைமையையும் இழந்து லண்டனில் வந்து ஒதுங்கிய இத்தாலியர்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டால் ஹென்றி பிரான்சிஸ் கேரி என்ற அடக்கமான பாதிரியாரின் கதையும் விளங்காது, தாந்தே ஆங்கிலத்தில் குடியேறிய கதையும் விளங்காது.

முந்தைய பகுதிகளைப் படித்துவந்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். பெட்ரார்க்கின் சானெட் எட்டாம் ஹென்றியின் அரசவைக்கே வந்துவிட்டது. காஸ்டிலியோனேயின் அரசவை உரையாடல்களை 1561-இல் தாமஸ் ஹோபி தந்துவிட்டார். அரியோஸ்தோ 1591-இல் ஹாரிங்டன் கையால் வந்தார். தாஸ்ஸோ 1600-இல் ஃபேர்ஃபாக்ஸ் கையால் வந்தார். மாக்கியவெல்லிகூட, அத்தனை வசவுக்கும் நடுவே, 1640-இல் 'இளவரச'னோடு ஆங்கிலத்தில் அச்சேறிவிட்டார். இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் தாந்தே. 1265-இல் ஃபிளாரன்ஸில் பிறந்தவர். அவர் மட்டும் ஏன் வரவில்லை?

முழுக்க வரவில்லை என்று சொல்ல முடியாது. 1372-73-இல் அரசுப் பணியாக ஜெனோவாவுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் போய்வந்த சாஸர், தாந்தேயைப் படித்தார். 'கான்டர்பரி கதை'களில் துறவி சொல்லும் கதைக்குள், பீசா நகரத்துக் கோபுரத்தில் பிள்ளைகளோடு அடைக்கப்பட்டுப் பட்டினியால் செத்த உகோலினோ பிரபுவின் துயரத்தைச் சேர்த்தார். அதற்குப் பிறகு நானூறு ஆண்டு ஆங்கிலேயருக்குத் தாந்தே என்றால் பெரும்பாலும் அந்த உகோலினோதான். 1719-இல் ஓவியர் ஜோனதன் ரிச்சர்ட்சன் அந்தத் துண்டை மட்டும் மொழிபெயர்த்தார். 1773-இல் ஜோஷுவா ரேனால்ட்ஸ் அதை ஓவியமாக்கிக் காட்சிக்கு வைத்தார். ஒரு பேரரண்மனையின் ஓர் இருட்டறையை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள்போல அந்த நூற்றாண்டு தாந்தேயைப் பார்த்தது. மட்டு, அளவு, தெளிவு என்ற பிரெஞ்சு அளவுகோல் கோலோச்சிய காலம் அது. வோல்தேருக்குத் தாந்தே பிடிக்கவில்லை. ஐரோப்பாவின் பாதிக்கும் அப்படியே. புராட்டஸ்டண்ட் இங்கிலாந்துக்கோ உத்தரிக்கிற ஸ்தலம் என்ற கோட்பாடே ஒவ்வாதது. காவியத்தின் நடுக்காண்டம் முழுவதும் அங்கேதான் நடக்கிறது.

நூற்றாண்டின் கடைசியில் அசைவு தெரிந்தது. 1782-இல் சார்லஸ் ராஜர்ஸ் நரகத்தை மொழிபெயர்த்தார். அயர்லாந்துப் பாதிரியார் ஹென்றி பாய்ட் 1785-இல் நரகத்தையும், 1802-இல் மூன்று காண்டங்களையும் வெளியிட்டார். முதல் முழு மொழிபெயர்ப்பு என்ற பெருமை பாய்டுக்கே சேரும், அதை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் அவர் ஆறடிச் செய்யுளில் இயைபுக்காக அடிகளை இழுத்தார். தாந்தே மூன்று சொல்லில் முடித்ததை மூன்று வரிக்கு நீட்டினார். தாந்தேயின் பலமே சுருக்கம். அது போனால் மிஞ்சுவது பேய்க்கதை.

கேரி இந்த இடத்தில் வருகிறார். 1772 டிசம்பரில் ஜிப்ரால்டரில், ஒரு படைத்தலைவரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே கவிதை அச்சில் வந்துவிட்டது. லிச்ஃபீல்டு நகரத்துக் கவிஞர் அன்னா சீவார்ட் அந்தச் சிறுவனைக் கொண்டாடினார். ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் படிக்கும்போதே பாடத்துக்கு வெளியே இத்தாலியமும் பிரெஞ்சும் கற்றார். 1796-இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் அபட்ஸ் பிராம்லி என்ற சிற்றூருக்குச் சேகர குருவானவர் ஆனார், அதே ஆண்டு திருமணமும் செய்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம், ஞானஸ்நானம், அடக்க ஆராதனை, பெருகிவரும் பிள்ளைகள் என்ற வாழ்க்கைக்கு நடுவில்தான் தாந்தே. 1797-இல் அவர் முதலில் கைவைத்தது நடுக்காண்டத்தில். 1800-இல் நரகத்துக்குத் திரும்பினார்.

அவர் முன்னால் இருந்த சிக்கலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தாந்தே எழுதியது மூன்றடிக் கண்ணிகளில். முதலடியும் மூன்றாமடியும் ஓசையில் இயையும். நடு அடியின் ஓசை அடுத்த கண்ணியின் முதலடிக்கும் மூன்றாமடிக்கும் போய்ச் சேரும். நம் அந்தாதி ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கமாக்குவதுபோல, தாந்தே ஓசையைக் கைமாற்றிக்கொண்டே போகிறார். படலம் முடியும்வரை சங்கிலி அறாது. இத்தாலியத்தில் ஏறத்தாழ எல்லாச் சொல்லும் உயிரெழுத்தில் முடிவதால் இயையும் சொற்கள் ஏராளம். ஆங்கிலத்தில் அந்த வளம் இல்லை. பதினாலாயிரம் அடிக்கு மும்மூன்றாக இயைபு தேடினால், கவிஞன் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஓசை இழுத்த பக்கம் போக வேண்டியிருக்கும்.

கேரி இயைபையே விட்டுவிட முடிவு செய்தார். பிளாங்க் வெர்ஸ் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இயைபில்லாத ஐஞ்சீர் அடியை எடுத்துக்கொண்டார். 1667-இல் வெளிவந்த 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தை மில்டன் எழுதிய அதே அடி. ஆங்கில வாசகனுக்கு வானும் பாதாளமும் தேவரும் வீழ்ந்த தூதரும் பேசும் குரல் என்றால் அந்தக் குரல்தான். அந்த வடிவம் ஆங்கிலத்துக்குப் புறப்பட்டு வந்த வழியிலும் இத்தாலிதான் நிற்கிறது: 1547-இல் தலைவெட்டப்பட்ட சர்ரே பிரபு வெர்ஜிலின் இரண்டு காண்டங்களை மொழிபெயர்க்கையில் அதை முதலில் கையாண்டார், அவருக்கு முன்மாதிரி இத்தாலியர் எழுதிய இயைபில்லாச் செய்யுள் என்பதே அறிஞர் பலரின் கருத்து. மில்டனும் 1638-39-இல் இத்தாலி முழுவதும் சுற்றியவர், இத்தாலிய மொழியிலேயே சானெட் எழுதியவர்.

கேரியின் முடிவு சரியா? சரி என்றே நான் நினைக்கிறேன், இழப்பைக் கணக்கில் வைத்துக்கொண்டே. யுலிஸிஸ் தன் கடைசிப் பயணத்தைச் சொல்லும் 26-ஆம் படலம், பிரான்செஸ்காவின் காதல் வாக்குமூலம், மோட்சத்தின் ஒளி வட்டங்கள் ஆகிய இடங்களில் கேரியின் நடை தாந்தேக்கு வெகு அருகில் வருகிறது. ஆனால் தாந்தேக்கு ஒரே குரல் கிடையாது. தெருச்சண்டை, மீன்சந்தைப் பேச்சு, கொச்சை, கேலி எல்லாம் அவருக்கு வேண்டும். நரகத்தின் 21, 22-ஆம் படலங்களில் கொதிக்கும் கீலுக்குள் பாவிகளைக் குத்தித் தள்ளும் பிசாசுக் கூட்டம் வருகிறது. ஒரு படலம் முடிவதே அசிங்கமான ஒரு சத்தத்தில்தான். கேரி அதை மரியாதையான சொற்களால் போர்த்தி நகர்ந்துவிடுகிறார். அவருடைய பிசாசுகள்கூட மில்டனிடம் பாடம் கேட்டவைபோலப் பேசுகின்றன. தாந்தேயின் வேகமும் குறைகிறது. இத்தாலியத்தில் ஓடுகிற இடத்தில் ஆங்கிலத்தில் நடை.

ஆனாலும் அவர் புனைந்து சேர்க்கவில்லை. அடிக்கு அடி மூலத்தோடு ஒட்டி நின்றார். அடிக்குறிப்புகளில் மில்டனும் ஸ்பென்சரும் தாந்தேயிடம் வாங்கிய இடங்களை எடுத்துக் காட்டினார். முன்னே தாந்தேயின் வாழ்க்கையை எழுதி வைத்தார். தாந்தே அயலான் இல்லை, நீங்கள் போற்றும் கவிஞர்களின் ஆசான் என்று ஆங்கில வாசகனுக்கு அந்தக் குறிப்புகள் வழி சொல்லிக்கொண்டே போனார்.

நரகம் 1805, 1806 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக, எதிர்ப்பக்கத்தில் இத்தாலிய மூலத்தோடு வந்தது. விற்கவில்லை. சிறுவயதில் தூக்கிக் கொண்டாடிய அன்னா சீவார்டுக்கே பிடிக்கவில்லை. தாந்தேயையும் பிடிக்கவில்லை, கேரி தாந்தேயைச் செய்த விதமும் பிடிக்கவில்லை. 1807-இல் கேரியின் பெண்குழந்தை இறந்தது. அவருடைய மனம் அதில் உடைந்தது. அடுத்த ஆண்டு குடும்பத்தோடு லண்டனுக்குப் பெயர்ந்தார். இந்த நிலையில் பேனாவைக் கீழே வைத்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவர் வைக்கவில்லை. மீதி இரண்டு காண்டங்களையும் 1812-இல் முடித்தார். முதற்பகுதியில் நட்டப்பட்ட பிறகு எந்தப் பதிப்பாளரும் பணம் போட முன்வரவில்லை. 1814-இல் தன் காசில் அச்சிட்டார். செலவைக் குறைக்கத்தான் அந்தக் குட்டி அளவும் பொடி எழுத்தும்.

1814 ஒரு வகையில் ஒரு வருடம் முந்திய தேதி. 1793 முதல் பிரிட்டனும் பிரான்சும் போரில் இருந்தன. இடையில் 1802-03-இல் கிடைத்த சிறு அமைதி தவிர, இருபது வருடத்துக்கும் மேல். இத்தாலி நெப்போலியனின் பிடிக்குள் போய்விட்டதால் ஆங்கிலேயப் பயணிகளுக்கு அங்கே வழியில்லை. ஒரு தலைமுறை இளைஞர்கள் ஃபிளாரன்ஸையும் ரோமையும் பார்க்காமலே வளர்ந்தார்கள். 1815 ஜூனில் வாட்டர்லூ. அதன்பின் கால்வாயைக் கடந்து தெற்கே போன ஆங்கிலேயர் கூட்டம் பெருகியது. 1816-இல் பைரன் இத்தாலிக்குப் போனார்; 1818-இல் ஷெல்லி போனார். ஒரு நாட்டை நேரில் பார்க்கக் கிளம்புகிறவன் அதன் புத்தகத்தையும் தேடுவான். கேரியின் பிரதிகள் கிடங்கில் கிடந்த அதே நாட்களில் அவற்றுக்கான வாசகர்கள் உருவாகிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது லிட்டில்ஹாம்ப்டன். சஸெக்ஸ் கடற்கரையில் ஒரு சிற்றூர். 1817 இலையுதிர் காலத்தில் கேரி குடும்பத்தோடு அங்கே தங்கியிருந்தார். பதின்மூன்று வயது மகன் ஹென்றிக்குப் பாடம் நிற்கக் கூடாது என்று, மணலில் நடந்தபடியே ஹோமரைக் கிரேக்கத்தில் உரக்கப் படித்துச் சொல்லிக்கொடுப்பார். எதிரே நாள்தோறும் ஒருவர் நடந்து போவார், வருவார். தடித்த உடம்பு, நரை கலந்த தலை, எங்கோ பார்க்கும் கண். ஒருநாள் அவரே நின்று, நான் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் என்று அறிமுகம் செய்துகொண்டார். இழுத்தது ஹோமரின் ஓசை. இரண்டு பேரும் 1772-இல் பிறந்தவர்கள், ஆறே வார வித்தியாசம். பிற்காலத்தில் தந்தையின் வரலாற்றை எழுதிய மகன், அன்றைய பேச்சைச் சிறுவனாகக் கேட்ட வியப்பு மாறாமல் பதிவு செய்திருக்கிறார்.

கேரியின் தாந்தே என்று ஒன்று இருப்பதே அதுவரை கோல்ரிட்ஜுக்குத் தெரியாது. அன்று பிரதியை வாங்கிப் போனார். மறுநாள் பக்கம் பக்கமாக அந்த ஆங்கில அடிகளை மனப்பாடமாகச் சொன்னார். கையில் இத்தாலிய நூல் இல்லாமலே மூலத்தின் பகுதிகளையும் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டுப் பேசினார். புகழ்ச்சியை விட இது எவ்வளவு பெரிய மரியாதை! பதினைந்து வருடம் தனியறையில் உட்கார்ந்து செய்த வேலையை ஒருவர் ஒரே இரவில் உள்வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். அக்டோபர் கடைசியில் கோல்ரிட்ஜ் எழுதிய கடிதம் கேரியின் செய்யுளோசையைத் தனியாக எடுத்துப் பாராட்டுகிறது. 1818 பிப்ரவரி 27 அன்று, லண்டன் ஃபெட்டர் லேன் பக்கம் ஃபிளவர் டி லூஸ் கோர்ட்டில் நடந்த சொற்பொழிவு வரிசையில் தாந்தேயைப் பற்றிப் பேசியபோது, கேட்டிருந்தவர்களுக்குக் கேரியைப் பரிந்துரைத்தார்.

சபையில் இருந்தவர்கள் எத்தனை பேராக இருந்தாலும், ஒரு மாலைப் பேச்சு மட்டும் ஆயிரம் பிரதியை விற்றிருக்காது. அதே பிப்ரவரியில் 'எடின்பரோ ரிவ்யூ' இதழில் தாந்தேயைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. அந்தக் கால வழக்கப்படி பெயர் போடவில்லை. எழுதியவர் ஊகோ ஃபோஸ்கொலோ. அவர் எழுதியதை நண்பர்கள் ஆங்கிலமாக்கி இதழுக்குக் கொடுத்தார்கள். பிரிட்டன் முழுவதும் படித்தவர் வீடுகளில் அந்த இதழ் போகும். அது ஒரு நூலைப் புகழ்ந்தால் புத்தகக் கடைக்காரர்கள் தூசி தட்டி முன்வரிசையில் வைப்பார்கள். கேரிக்கு அந்தப் புகழ் அங்கே கிடைத்தது.

ஃபோஸ்கொலோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1778-இல், அப்போது வெனிஸ் ஆட்சியில் இருந்த ஸாந்தே தீவில் பிறந்தவர். கல்லறைகளைப் பற்றி 1807-இல் அவர் எழுதிய கவிதை இத்தாலியக் குழந்தைகள் இன்றும் பள்ளியில் படிப்பது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு வட இத்தாலியை ஆஸ்திரியா எடுத்துக்கொண்டது. அதற்கு விசுவாசப் பிரமாணம் செய்யச் சொன்னார்கள். அவர் செய்யவில்லை; 1815-இல் ஸ்விட்சர்லாந்துக்கு ஓடினார், 1816 செப்டம்பரில் லண்டன் வந்து சேர்ந்தார். தாந்தேயும் அப்படித்தான். 1302-இல் ஃபிளாரன்ஸ் அவரை விரட்டியது. பிடிபட்டால் எரித்துக் கொல்லத் தீர்ப்பு. 1321-இல் ராவென்னாவில் சாகும்வரை ஊருக்குத் திரும்பவில்லை. ஆகவே ஃபோஸ்கொலோ தாந்தேயைப் பற்றி எழுதும்போது பழைய ஏட்டைப் புரட்டும் பண்டிதராக எழுதவில்லை. கட்சிச் சண்டையும் திருத்தந்தையரின் அரசியலும் ஒரு கவிஞனின் வாழ்க்கையை என்ன செய்யும் என்பதை அனுபவத்தில் அறிந்தவராக எழுதினார். ஆங்கில வாசகனுக்கு அதுவரை பேயுலகக் கவிஞராக இருந்த தாந்தே, அங்கேதான் ஒரு காலத்தின், ஒரு நகரத்தின் மனிதராகத் தெரியவந்தார்.

கோல்ரிட்ஜ் செவிக்குச் சொன்னார், ஃபோஸ்கொலோ அறிவுக்குச் சொன்னார். இரண்டும் ஒரே மாதத்தில் சேர்ந்ததே கேரியின் நற்பேறு. 1819-இல் டெய்லர் அண்டு ஹெஸ்ஸி நிறுவனம் படிக்கத்தக்க எழுத்தில் புதுப் பதிப்பு போட்டது.

அதற்கு முன்பே, பழைய குட்டிப் பிரதிகளில் ஒரு தொகுதி ஒரு தோள்மூட்டைக்குள் ஏறியிருந்தது. 1818 ஜூனில் இருபத்திரண்டு வயது ஜான் கீட்ஸ் நண்பர் சார்லஸ் பிரவுனோடு வட இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் கால்நடையாகக் கிளம்பினார். புத்தகம் என்று எடுத்துப்போவதானால் கேரியின் அந்தச் சின்னத் தொகுதிகளைத்தான், எந்த மூலையிலும் அடங்கும் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். கஞ்சத்தனமாக அச்சிட வேண்டி வந்ததே அந்தப் புத்தகத்துக்கு இந்த வாசகனைச் சம்பாதித்துக் கொடுத்தது. மலைக்கும் ஏரிக்கும் மழைக்கும் ஊடே தாந்தேயைப் படித்த கீட்ஸ் அடுத்த ஆண்டு பிரான்செஸ்கா படலத்தை வைத்து ஒரு சானெட் எழுதினார். முடிக்காமல் விட்ட ஹைபீரியன் கவிதையின் இரண்டாம் வடிவத்தை ஒரு கனவுப் பயணமாக மாற்றி அமைத்ததில் கேரி வழியாக வந்த தாந்தேயின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. பைரனும் ஷெல்லியும் இத்தாலியத்திலேயே படித்தவர்கள். மூன்றடிச் சங்கிலியை ஆங்கிலத்தில் செய்துபார்த்தவர்கள். அவர்களுக்குக் கேரி தேவைப்படவில்லை. கீட்ஸுக்குத் தேவைப்பட்டார். வில்லியம் பிளேக்குக்கும் தேவைப்பட்டார். ஜான் லின்னெல் 1824-இல் தாந்தேக்குப் படம் வரையச் சொன்னபோது பிளேக் அறுபதைக் கடந்தவர், நோயாளி. 1827-இல் சாகும்வரை வரைந்துகொண்டே இருந்து 102 படங்களை விட்டுப் போனார். அவர் கையில் இருந்த ஆங்கிலத் தாந்தே கேரியுடையது.

புகழ் வந்த பிறகும் கேரியின் பழக்கவழக்கம் மாறவில்லை. சிஸ்விக்கில், முன்பு ஓவியர் ஹோகார்த் வாழ்ந்த வீட்டை வாங்கிக் குடியிருந்தார். 'லண்டன் மேகஸின்' குழுவோடு பழகினார். சார்லஸ் லாம் நெருங்கிய நண்பரானார். அதே சிஸ்விக்கின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில்தான் ஃபோஸ்கொலோவை அடக்கம் செய்தார்கள். கடன், வழக்கு, தலைமறைவு என்று அலைந்து, பக்கத்து டர்ன்ஹாம் கிரீனில் 1827 செப்டம்பரில் ஏழையாகச் செத்தார். தாந்தேக்கு ஒரு செம்பதிப்பு கொண்டுவரும் வேலை அரைகுறையாக நின்றது. அந்தக் கையெழுத்துப் பிரதிகளைப் பின்னால் லண்டனில் தேடிப் பிடித்து, 1842-43-இல் வெளிக்கொண்டு வந்தவர் இன்னொரு நாடிழந்தவர், ஜுசெப்பே மாட்சினி. ஃபோஸ்கொலோவின் எலும்புகளை 1871-இல், ஒன்றுபட்ட இத்தாலி ஃபிளாரன்ஸுக்குக் கொண்டுபோய் சாந்தா குரோச்சே ஆலயத்தில் வைத்தது.

1826-இல் கேரி பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சு நூல் பிரிவில் உதவி நூலகரானார். மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை லாம் அங்கே அவர் வீட்டுக்குச் சாப்பிட வருவார். 1832-இல் கேரியின் மனைவி ஜேன் இறந்தார். முப்பத்தாறு வருட இல்வாழ்க்கை. கேரியின் மனம் மறுபடியும் நிலைகுலைந்தது. மியூசியம் விடுப்பு தர, மகனோடு ஐரோப்பாவில் சுற்றித் தேறி வந்தார். 1834 டிசம்பரில் லாமும் போனார். எட்மண்டனில் லாமின் கல்லறைக் கல்லில் இருக்கும் செய்யுள் கேரி எழுதியது.

1837-இல் அச்சு நூல் பிரிவின் தலைமைப் பதவி காலியானது. பணிமூப்பில் அடுத்தவர் கேரி. பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது அந்தோனியோ பனிட்சி என்ற இத்தாலியருக்கு.

பனிட்சி 1797-இல் மோதெனா நாட்டின் பிரெஷெல்லோவில் பிறந்த வழக்கறிஞர். ரகசியப் புரட்சிச் சங்கத்தில் சேர்ந்ததற்காக 1822-இல் தப்பியோட வேண்டிவந்தது. மறு ஆண்டு அவர் இல்லாமலே மரண தண்டனை விதித்து, அவருடைய உருவபொம்மையைத் தூக்கிலிட்டார்கள். கையில் காசில்லாமல் 1823-இல் லண்டனில் இறங்கியவருக்கு, லிவர்பூலில் இருந்த வில்லியம் ராஸ்கோவுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் ஃபோஸ்கொலோ. லிவர்பூலில் இத்தாலிய மொழி ஆசிரியர், பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தில் இத்தாலியப் பேராசிரியர், 1831 முதல் மியூசியத்தில் கேரிக்குக் கீழே ஒரு பணி. போயார்தோவையும் அரியோஸ்தோவையும் பதிப்பித்தவர். யானை போல உழைப்பவர்.

தாந்தேயை ஆங்கிலேயருக்குக் கொடுத்த ஆங்கிலேயரும், தாந்தேயின் நாட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்த இத்தாலியரும் ஒரே நாற்காலிக்கு எதிரெதிரே நிற்க நேர்ந்ததைப் படிக்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அறுபத்தைந்தை நெருங்கிய வயதையும் மனநலத்தையும் காரணம் காட்டிக் கேரியை ஒதுக்கினார்கள். மனைவியை இழந்து கலங்கியதை ஒருவரின் பணித்தகுதிக்கு எதிரான சாட்சியாக ஆக்கியது கொடுமை. கேரி எழுதிய எதிர்ப்புக் கடிதம் 'டைம்ஸ்' பத்திரிகையில் வந்தது. அதற்காக, அந்நியனுக்கு வேலையா என்று அப்போது பனிட்சியின் மேல் கிளம்பிய கூச்சலை நியாயம் என்று சொல்ல மாட்டேன். 1841-இல் அவர் முன்னின்று வகுத்த 91 நூற்பட்டியல் விதிகளை உலகத்து நூலகங்கள் பின்னால் பாடமாகக் கொண்டன. 1857-இல் திறந்த மியூசியத்தின் வட்ட வாசக மண்டபம் அவருடைய திட்டம். மார்க்ஸ் உட்கார்ந்து படித்த மண்டபம் அதுதான். பதவிக்குத் தகுந்தவர் பனிட்சியே. அதை மனதார ஒப்புக்கொண்டபடியே, கேரியை நடத்திய விதம் தவறு என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேரி வேலையை விட்டார். 1841-இல் அரசு ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை அறிவித்தது. அதை வைத்துக்கொண்டு அவர் திரும்பப் போனது தாந்தேயிடம்தான். 1844-இல் நாலாம் பதிப்பு வந்தது, அவரே அடி அடியாகத் திருத்தியது. அந்த ஆகஸ்டு 14-ஆம் தேதி இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், கவிஞர் மூலையில் இடம் கொடுத்தார்கள். கல்லில் பெயருக்குப் பின் 'தாந்தேயின் மொழிபெயர்ப்பாளர்' என்று பொறித்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் என்பதற்காகவே அங்கே இடம் பெற்றவர்கள் மிகச் சிலர்.

1866-இல் குஸ்தாவ் டோரேயின் மாபெரும் படங்களோடு நரகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட காஸல் நிறுவனம், அருகில் அச்சிடத் தேர்ந்தெடுத்தது கேரியின் அடிகளையே. வேறு மொழிபெயர்ப்புகள் அதற்குள் பல வந்துவிட்டிருந்தன. அந்தப் பதிப்பின் வழியாக நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடங்களுக்கெல்லாம் தாந்தே போனார். அட்லாண்டிக்கின் அக்கரையில் அடுத்த ஆண்டே, 1867-இல், லாங்ஃபெல்லோவின் முழுத் தாந்தே வந்தது. தீவிபத்தில் மனைவியைப் பறிகொடுத்த மனிதர் அந்தத் துயரத்தினூடே செய்துமுடித்த வேலை அது. ஆனால் அக்கரைக்குப் போவதற்கு முன்னால் லண்டனில் ஒரு வீட்டை எட்டிப்பார்க்க வேண்டும். நேப்பிள்ஸிலிருந்து தப்பி 1824-இல் அங்கே வந்து சேர்ந்த கப்ரியேலே ரொசெட்டி, தாந்தேயின் ஒவ்வொரு அடியிலும் ரகசியச் செய்தி இருப்பதாக நம்பி வாழ்நாளெல்லாம் அதைத் தோண்டிக்கொண்டிருந்தார். மகன் ஒருவனுக்குத் தாந்தே என்றே பெயரும் சேர்த்து வைத்தார். அந்த மகன் 1861-இல் கொண்டுவந்த பழைய இத்தாலியக் கவிஞர்களின் தொகுப்பு அடுத்த இதழில்.